முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம்

கடையிலிருந்து,
திங்கள் காலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் 'இருக்கேன்' என்று ஒரே சொல் வரும். அதுவும் உங்கள் தம்பி வாய்வழியாக வரும்.

போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. உங்கள் தம்பி நேற்று உண்மையைச் சொல்லிவிட்டார். "அண்ணன் போனை அணைச்சு அலமாரிக்குள்ள போட்டுட்டாருங்க. எந்நேரமும் சுவரைப் பாத்துப் படுத்திருக்கார். சாப்பாடு வச்சா சாப்பிடுறார், வைக்கலைன்னா கேக்குறதில்லை" என்றார். அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். காகிதத்தை அணைத்துவைக்க முடியாது.

என் அக்கா கண்ணை மூடிய பிறகு நீங்கள் ஒரே ஒரு பையோடு தம்பி வீட்டுக்குக் கிளம்பினீர்கள். பேருந்தில் ஏறும்போது, "சாமானெல்லாம் வித்துடு. வீட்டையும் வித்துடு. எதையும் எனக்கு அனுப்பாதே" என்றீர்கள். விற்பது என் தொழில். தலையில் வாளிக் கட்டைச் சுமந்து தெருத்தெருவாக விற்ற காலத்திலிருந்து இன்று பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் வரை எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆனால் வாங்க ஆள் வந்து நிற்கும்போது என் கால் ஒரு இடத்தில் நிற்காமல் இருந்தது இதுவே முதல் தடவை. அவர்கள் கட்டிலைத் தட்டிப் பார்க்கிறார்கள், நான் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

இருந்தாலும் விற்றேன். கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் போயிற்று. ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவர், "கதவு கிறீச்சுனு சத்தம் போடுதே" என்று இழுத்தார். "சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடா? அப்போ அந்தச் சத்தந்தாங்க காவல். யாரு திறந்தாலும் தெரிஞ்சுபோகும்" என்றேன். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒன்று மட்டும் விற்கவில்லை. பீரோவை நகர்த்தும்போது மேலிருந்து ஒரு பை விழுந்தது. உள்ளே உங்கள் ரிமோட் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் தார்த்தரையில் நீங்கள் ஓட்டுவீர்களே, கூட்டத்திலேயே மலிவான வண்டி, அதுதான். பழைய சாமான் எடுக்க வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது பிளாஸ்டிக்லயும் சேராது, இரும்புலயும் சேராதுங்க. இதை எதுல போடுறது?" என்று கீழே வைத்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருவன் வேண்டாம் என்று வைத்த சாமானை விட்டுப் போக என்னால் முடியாது. கடைக்குக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நிலைமையைச் சொல்கிறேன், கேளுங்கள். பேட்டரி கசிந்து இணைப்பு முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. டயர் கல்லாகிவிட்டது, நகத்தால் தட்டினால் டக் டக் என்கிறது. முன்பக்கம் இடது சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்திருக்கிறது. உள்ளே போட்ட கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போயிருக்கிறது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் அரைச்சுற்றில் நின்றுவிடுகிறது.

முதல் காரியமாக, சக்கரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையங்களை எடுத்துவிட்டு பேரிங் போடலாம் என்று முடிவு செய்தேன். பொம்மைக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். சிரித்துவிட்டு வெளியே வந்து, ஃபேனுக்கும் தையல் மெஷினுக்கும் பேரிங் விற்கிற மொத்தக் கடைக்குப் போனேன். அளவு சொன்னதும் எடுத்துப் போட்டார்கள். சாமான் அதேதான், டப்பாதான் வேறு. பேரிங் போட்ட பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். இடையில் ஒரு வாடிக்கையாளரையே கவனித்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

இனிமேல்தான் எனக்கு உங்கள் உதவி தேவை. அதிர்ச்சி தாங்கும் அந்த நாலு குழலில் எண்ணெய் இல்லை, வெறும் ஸ்பிரிங்தான் இருக்கிறது. எண்ணெய் ஊற்றுகிற குழல் வாங்கலாமா? ஊற்றினால் எந்த எண்ணெய்? மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஒரு வரி எழுதினால் போதும். தம்பி வீட்டு முகவரிக்கு நான் எழுதிய கவரை இத்துடன் வைத்திருக்கிறேன்... இல்லை, இல்லை, என் கடை முகவரி எழுதிய கவர். பாருங்கள், நிதானமே இல்லை. வாசலில் தண்ணீர் மொள்ளுகிற பிளாஸ்டிக் மக்கு மூட்டை இறங்குகிறது, அங்கே ஒரு கண், இங்கே ஒரு கண்.

உங்கள் தங்கைக்கும் உங்களைப் பற்றித்தான் பேச்சு. என் மனைவி என்பதைவிட அவள் உங்களுக்குத் தங்கையாகத்தான் அதிகம் இருந்திருக்கிறாள். "அண்ணன் வரமாட்டாரா?" என்று கேட்கிறாள். வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா அது? சரக்கு எப்போது வரும் என்று கேட்டால் சொல்வேன்.

பதில் எழுதுங்கள்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை


கடையிலிருந்து,
சனிக்கிழமை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் கடைப் பக்கம் வந்தாலே எழுந்து நிற்கிறேன். "என்ன முதலாளி, கோர்ட் நோட்டீஸ் ஏதும் எதிர்பார்க்கிறீங்களா?" என்று அவர் கேட்கிறார்.

நீங்கள் எழுதாததால் நான் பல் டாக்டரிடம் போனேன். ஆமாம், அவரேதான். உங்களைவிட விலை கூடின வண்டி வைத்துக்கொண்டு வளைவில் எல்லாம் உங்களிடம் கோட்டை விடுவாரே, அந்த மனுஷர். வேறு யாரிடம் போவேன்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் இந்த வண்டியின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் நீங்களும் அவரும்தான். நீங்களோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள்.

நோயாளி நாற்காலியில் வண்டியைப் படுக்கவைத்து விளக்கைப் போட்டார். பல்லில் அழுக்கு எடுக்கிற ஊசியால் பல்சக்கரத்தின் இடுக்கில் இருந்த பழைய கிரீஸைச் சுரண்டினார். "எனக்குப் பல்லுன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பக்க கியர் பெட்டி, பின்பக்க கியர் பெட்டி இரண்டையும் பிரித்து, கழுவி, புதுக் கிரீஸ் போட்டு நானே மூடினேன். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி புதிது, பேட்டரி புதிது, டயர் புதிது, சக்கரம் தாங்கும் கை புதிது, எண்ணெய் ஊற்றிய குழல் நாலும் புதிது. இடைவெளிக்கு பில் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே வைத்து, மோட்டாரை இறுக்கிவிட்டுத் தாளை உருவச் சொன்னார் டாக்டர். அதையும் செய்தேன். எல்லாம் முடிந்து கடைக்குப் பின்னால் கிடங்கில் தரையில் வைத்து ரிமோட்டின் விசையை இழுத்தேன்.

மச்சான், வண்டி நகரவில்லை. மோட்டார் அலறுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தால் முன்சக்கரம் முன்னால் சுற்றுகிறது, பின்சக்கரம் பின்னால் சுற்றுகிறது. முன்பாதிக்குப் போக வேண்டும், பின்பாதிக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் மல்லுக்கட்டியதில் மோட்டார் சூடாகி நாற்றம் வந்துவிட்டது. மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு, "முதலாளி, வண்டிக்குக் குளிர் காய்ச்சல்" என்கிறார்கள்.

பல் டாக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? "மோட்டாருக்கு சக்தி பத்தலைங்க. இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுட்டு பெரிய மோட்டாரா மாட்டுங்க. அடிப்பலகையில கொஞ்சம் அறுத்துவிட்டா உக்காந்துரும்" என்கிறார். அறுக்கிற ரம்பத்தைக்கூட எடுத்துவைத்துவிட்டார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார். "உங்க மச்சான் ஓட்டத் தெரிஞ்சவருதான், இல்லைங்கலை. ஆனா மெக்கானிக் வேலை அவருக்கு அவ்வளவு பத்தாது." இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு என்னமோ மோட்டார்மேல் சந்தேகமில்லை. ஆனால் என் சந்தேகத்துக்கு என்ன மதிப்பு? வாளியின் கைப்பிடி கழன்றால் மாட்டத் தெரியும், அவ்வளவுதான். ஞாயிறு மத்தியானம் ரம்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தடுக்க என் கையில் ஒரு காரணமும் இல்லை.

வீட்டு விஷயம். ஒரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் பிடித்துப்போய் நிற்கிறது. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார்கள். நான் என்ன சரக்கென்றாலும் அதன் நல்லதை அடுக்கி அடுக்கிச் சொல்வேன், உங்களுக்குத் தெரியும். அன்று வாயே திறக்கவில்லை. அந்த அம்மா, "ஏதாவது குறை இருக்கா சார், பேசவே மாட்டேங்குறீங்க?" என்று கேட்டுவிட்டார். உங்கள் சார்பில் நானே கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் அனுப்பட்டுமா என்று உங்கள் தம்பி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிடுங்கள் மச்சான். கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். தம்பி மனைவிக்கு நீங்கள் என்ன விரும்புவீர்கள் என்று எப்படித் தெரியும்?

உங்கள் மாப்பிள்ளை


கிடங்கிலிருந்து,
அவசரமாக

மச்சான் அவர்களுக்கு,

சீட்டு வந்தது! ஆனால் ஞாயிறு தாண்டித்தான் வந்தது. பல் டாக்டரிடம், வயிற்றுக்கோளாறு, கிடங்கு பூட்டு, சாவி காணோம் என்று வரிசையாகப் பொய் சொல்லி ரம்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அடிப்பலகை பத்திரம்.

விளிப்பு இல்லை, கையெழுத்து இல்லை. 'டிஃப்பரன்ஷியலைத் திருப்பி மாட்டியிருக்கிறாய். மோட்டாரில் ஒன்றுமில்லை. ரம்பத்தைத் தூர வை.' அவ்வளவுதான். அந்த எழுத்தைப் பார்த்து உங்கள் தங்கை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருப்பதைப் படித்து அழுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

டிஃப்பரன்ஷியல் என்றால் கியர் பெட்டிக்குள் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தப் பல்சக்கர உருண்டைதானே? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கிறது. எதைத் திருப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. பெரிய மனுஷர் சொல்லிவிட்டாரே என்று இரண்டையும் பிரித்து, இரண்டையும் திருப்பிப் போட்டேன்.

இப்போது முன்சக்கரம் பின்னால் சுற்றுகிறது, பின்சக்கரம் முன்னால் சுற்றுகிறது. நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உடனே எழுதுங்கள். கிடங்கு ஆட்களுக்கு முன்னால் எனக்கு முகமில்லை.

மாப்பிள்ளை


கடையிலிருந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டாவது சீட்டு கிடைத்தது. அதைச் சீட்டு என்று சொல்லக்கூடாது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, எந்தப் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, வரைபட அலுவலகத்தில் இருந்தபோது போடுவீர்களே, அப்படியே போட்டிருக்கிறீர்கள். மேலே 'மாப்ளே, ஒன்றை மட்டும் திருப்பச் சொன்னேன், அதுவும் பின்பக்கத்தை' என்று எழுதியிருக்கிறது. என் புரிதலைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதை உங்கள் தங்கை சத்தமாக இரண்டு தடவை படித்துக் காட்டினாள். திட்டு இருக்கட்டும். 'மாப்ளே' என்ற சொல்லை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா போன நாளிலிருந்து நீங்கள் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. உங்கள் தங்கை புருஷன் என்ற உறவு இருந்தாலும், அவள் இல்லையென்றால் நான் உங்களுக்கு யார் என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. வியாபாரத்தில் வெட்கம் பார்க்காத ஆள் நான், இதில் பார்த்துவிட்டேன்.

முன்னால் இருந்ததைப் பழையபடி மாட்டிவிட்டு, பின்னால் ஏற்கெனவே திருப்பியது படத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபார்த்து மூடினேன். முன்னும் பின்னும் ஒரே திசையில் சுற்றுகின்றன. இன்று காலை தார்த்தரைக்கு எடுத்துப்போனேன். வளைவுக்கு அடையாளமாக நம் கடை மக்குகளைத்தான் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விசையை இழுத்தேன். அந்த வண்டி அப்படிப் போகும் என்று நான் நினைக்கவில்லை. எண்ணெய்க் குழல் போட்டதில் தரையோடு தரையாகப் படுத்து ஓடுகிறது. முதல் வளைவைத் தாண்டினேன், இரண்டாவது வளைவில் மக்கு, சுவர், பல் டாக்டரின் கால், மூன்றையும் ஒன்றாக இடித்தேன். "விக்கிற ஆளு ஓட்டக் கூடாதுங்க" என்று நொண்டிக்கொண்டே போனார். மோட்டார் விஷயத்தில் தோற்றதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது நீங்கள் சீட்டின் அடியில் எழுதியதற்கு வருகிறேன். 'மேல்கூடு?' என்று ஒரே சொல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒவ்வொரு திருகாணியைப் பற்றியும் எழுதிய நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இருக்கிறது மச்சான். அதே பையில்தான் இருந்தது. இன்று வண்டியை மேல்கூடு இல்லாமல்தான் ஓட்டினேன்.

அது அக்கா வண்ணம் பூசியது. அந்தக் கூடு வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், வண்ணத்தை உட்பக்கம்தான் பூச வேண்டும், அப்போதுதான் வெளியே எவ்வளவு தேய்ந்தாலும் வண்ணம் போகாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். எழுத்தை முதலில் எழுதி, காய்ந்த பிறகு மேலே நிறம் பூச வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அவள் முழுக்க நீலம் பூசி முடித்துவிட்டு, அதற்குமேல் வெள்ளையில் எழுதினாள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் நீலம். கவிழ்த்துப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "ஊருக்கு எதுக்குத் தெரியணும்? ஓட்டுறவருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. என்ன எழுதினாள் என்று அப்போது நான் கேட்கவில்லை, நீங்கள் இருவரும் சொல்லவும் இல்லை. இப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். 'பார்த்துப் போங்க' என்று எழுதியிருக்கிறாள். வாசலில் நின்று சொல்வாளே, அதேதான்.

அந்தக் கூட்டில் முன்கண்ணாடியிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஒரு இடியில் இரண்டாகிவிடும். புதுக் கூடு வாங்குவது சுலபம் என்கிறார் பல் டாக்டர். அதைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஒட்ட வேண்டுமென்றால் உட்பக்கம் வலைத்துணி வைத்துப் பசை பூச வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். வலைத்துணி சரியாக அந்த எழுத்தின்மேல் வரும். ஒட்டினால் எழுத்து மறையும். ஒட்டாவிட்டால் கூடு போகும். ஓட்டாமல் வைத்துவிடலாம் என்றால், பீரோ மேல் இருந்த மாதிரியேதான் இருக்கும்.

எனக்கு எந்தச் சரக்குக்கும் ஒரு முடிவு சொல்லத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. கையில் எடுக்கிறேன், வைக்கிறேன், கடைக்குள் ஒரு சுற்று நடக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். அவள் எனக்கு அக்காதான், ஆனால் அந்த வரி எனக்கு எழுதியதில்லை. அதன்மேல் கை வைக்க எனக்கு உரிமையில்லை. வரைபடம் போட்டு அனுப்பிவிடாதீர்கள், இதற்கு வரைபடம் போதாது. பார்சலில் அனுப்பு என்று சொன்னாலும் அனுப்ப மாட்டேன். விரிசல் விட்ட சாமானை நான் பார்சலில் அனுப்புவதில்லை.

வீடு வாங்க வந்த ஆசிரியர் தம்பதியிடம் உங்களை நேரில் பார்த்துத்தான் பேச முடியும் என்று சொல்லிவிட்டேன். காத்திருக்கிறோம் என்றார்கள். உங்கள் தம்பியிடம் அதிகாரப் பத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து, காலியான வீட்டில் நின்று, அப்போதும் விற்றுவிடு என்றால் விற்றுத் தருகிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். தங்க என் வீடு இருக்கிறது. உங்கள் தங்கை மாடி அறையைக் கூட்டித் துடைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். கட்டிலைச் சுவரோரம் போடாதே என்று நான்தான் சொல்லி, அறை நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறேன். நடக்க இடைஞ்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலைத்துணி வாங்கி வைத்துவிட்டேன். பசையும் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை மூடியைத் திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

திறக்காமல் வைத்திருக்கிறேன் மச்சான். வாருங்கள்.

என்றென்றும் உங்கள் மாப்பிள்ளை